கப்பல் ஓட்டத் தெரியாத கொள்ளைத் தலைவன்

கொள்ளையடிக்கக் கிளம்புகிறவன் கைக்காசைப் போட்டுக் கப்பல் தயார் செய்வானா? 1717ஆம் ஆண்டு, மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான பார்படோஸில் ஒருவர் செய்தார். பெயர் ஸ்டீட் பானெட். பிரிட்ஜ்டவுன் நகரத்துக்குப் பக்கத்தில் 400 ஏக்கருக்கு மேல் தோட்டம், அப்பா வைத்துவிட்டுப் போனது. ஊர்ப் படையில் மேஜர் பட்டம். மனைவி உண்டு, பிள்ளைகள் உண்டு. வயது இன்னும் முப்பதைத் தொடவில்லை. கடல் அனுபவம் மட்டும் துளியும் கிடையாது. அப்படிப்பட்ட மனிதர் 10 பீரங்கிகள் பொருத்திய ஒரு சிறு பாய்மரக் கப்பலைத் தயார் செய்து, அதற்கு 'ரிவெஞ்ச்', அதாவது பழிவாங்கல், என்று பெயர் சூட்டினார். யாரைப் பழிவாங்க என்று கேட்டிருந்தால் அவருக்கே பதில் தெரிந்திருக்காது.

அந்தக் காலத்துக் கடற்கொள்ளைக்கு என்று ஒரு நடைமுறை இருந்தது. கப்பலைப் பிடிப்பார்கள், அல்லது இருக்கிற கப்பலில் கலகம் செய்து கைப்பற்றுவார்கள். தலைவனை மாலுமிகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். சரிப்படவில்லை என்றால் இறக்கியும் விடுவார்கள். கூலி என்ற பேச்சே கிடையாது, கிடைத்ததில் பங்குதான். பானெட் எழுபது பேரைக் கூலிக்கு அமர்த்தினார். சம்பளம் கொடுத்துத் திருடர்களை வேலைக்கு வைத்த முதலாளி! வீட்டில் கேட்டவர்களுக்கு வியாபாரத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஓர் இரவில் பாய் விரித்தார்.

ஏன் போனார் என்பதற்கு அந்தக் காலத்திலேயே ஒரு வதந்தி இருந்தது: மனைவியின் தொல்லை. 1724இல் கடற்கொள்ளையரின் வாழ்க்கையைத் தொகுத்து லண்டனில் வெளியான புத்தகம் இதை அச்சிலேயே ஏற்றிவிட்டது. புத்தி பேதலித்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள் என்றும் அது சொல்கிறது. மனைவி மேரி தன் தரப்பைச் சொல்லி ஒரு வரிகூட நமக்குக் கிடைக்கவில்லை. முந்நூறு வருஷமாக ஒருதலை வழக்காகவே ஓடிக்கொண்டிருக்கும் குடும்பச் சண்டை இது.

குழந்தைகளுக்கான படக்கதைப் புத்தகங்களில் வரும் கடற்கொள்ளைத் தலைவனை எல்லோருக்கும் தெரியும். பெரிய தொப்பி, பெரிய வயிறு, பெரிய வாய். வாளை உருவினால் பாய்மரக் கயிறுதான் அறுபடும், புதையல் பெட்டியைத் திறந்தால் விரல்தான் நசுங்கும். கொடூரமான ஓர் ஆளைப் பிள்ளைகளுக்காகப் பல் பிடுங்கிக் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் பொதுவாக நினைப்போம். பானெட்டின் கதையைப் படித்தவர்களுக்கு அப்படித் தோன்றாது. சொதப்பல் மன்னன் சரித்திரத்திலேயே இருந்திருக்கிறான்.

கப்பலேறிய சில மாதங்களிலேயே பானெட் ஒரு ஸ்பானியப் போர்க்கப்பலோடு மோதிப் பலத்த காயம்பட்டார். ஆட்களில் பாதிப் பேர் வரை செத்தோ காயம்பட்டோ போனார்கள். தட்டுத்தடுமாறி பகாமாஸ் தீவுகளின் நாசோ துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தார். கொள்ளையர்களின் சொந்த ஊர் மாதிரி இருந்த இடம் அது. அங்கே அவரைப் பார்த்தவர் எட்வர்ட் டீச், உலகம் 'கருந்தாடி' என்று அறிந்த ஆள். ஒரே பார்வையில் எடை போட்டுவிட்டார். 'உங்களுக்கு எதற்கு ஐயா இந்தத் தலைவலி, நீங்கள் ஓய்வெடுங்கள்' என்கிற தோரணையில் ரிவெஞ்சைத் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

1717 நவம்பரில் பாஸ்டன் நகரத்துச் செய்தித்தாளில் ஒரு தகவல் வந்தது. கொள்ளையரிடம் அகப்பட்டு மீண்டவர்கள் சொன்னதாக வந்த செய்தி. மேஜர் பானெட்டுக்கு உடம்பு இன்னும் தேறவில்லையாம். காலையில் வீட்டு அங்கியோடு கப்பல்தளத்தில் உலாவுகிறாராம். பிறகு புத்தகம் படிக்கப் போய்விடுகிறாராம். கப்பலிலேயே நல்ல நூலகம் வைத்திருக்கிறாராம். பக்கத்தில் கருந்தாடியின் ஆட்கள் வணிகக் கப்பல்களைச் சூறையாடிக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் அங்கியும் கையில் புத்தகமுமாக ஒரு மனிதர். எந்தச் சித்திரக்காரரும் இதைவிட நல்ல ஒரு பக்கம் வரைந்துவிட முடியாது.

1718 ஜூனில் கருந்தாடி அவரை முழுசாக ஏமாற்றினார். வட கரோலினாவில் ஆளுநரிடம் பொதுமன்னிப்பு வாங்கப் பானெட் போயிருந்த நேரம் பார்த்து, ரிவெஞ்சில் இருந்த நல்ல சரக்கையெல்லாம் வழித்து எடுத்துக்கொண்டு கம்பி நீட்டினார். மேஜர் திரும்பி வந்தபோது கப்பல் இருந்தது, பொருள் இல்லை. கொதித்துப்போன பானெட் கருந்தாடியைத் தேடிக்கொண்டு போனார், அகப்படவில்லை. மறுபடி கொள்ளையில் இறங்கினார். வாங்கிய மன்னிப்பு வீணாகிவிடக் கூடாதே! அதனால் தன் பெயரை 'கேப்டன் தாமஸ்' என்றும் கப்பலின் பெயரை 'ராயல் ஜேம்ஸ்' என்றும் மாற்றிக்கொண்டார். பிடித்த கப்பல்களில் இருந்து எடுத்த பொருளுக்குப் பதிலாகக் கொஞ்சம் அரிசியையும் சர்க்கரைப்பாகையும் கொடுத்து, இது கொள்ளை இல்லை பண்டமாற்று என்று கணக்குக் காட்டப் பார்த்தார்.

கடைசிச் சண்டையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1718 செப்டம்பர் 26 மாலை, கேப் ஃபியர் ஆற்று முகத்துவாரத்தில் இரண்டு கப்பல்கள் தெரிந்தன. வணிகக் கப்பல்கள் என்று நினைத்த பானெட், பிடித்துவரச் சொல்லிப் படகுகளை அனுப்பினார். வந்திருந்ததோ அவரையே பிடிக்கப் புறப்பட்ட கர்னல் வில்லியம் ரெட். ஹென்றி, சீ நிம்ஃப் என்ற அந்த இரண்டு கப்பல்களும் வந்த வேகத்தில் மணல்திட்டில் தரைதட்டி நின்றன. மறுநாள் காலை, அவற்றைத் தாண்டிக் கடலுக்கு ஓடிவிடலாம் என்று பானெட் பாய் விரித்தார். கொஞ்ச தூரத்தில் அவர் கப்பலும் தரைதட்டியது. ரெட்டின் இரு கப்பல்களும் மீண்டும் மணலில் ஏறிக்கொண்டன.

மூன்று கப்பல்களும் அசைய முடியாமல், துப்பாக்கி எட்டும் தூரத்தில் சுட்டுக்கொண்டிருந்தன. ஐந்து மணி நேரத்துக்கும் மேல் இதே கதைதான். சாய்ந்த வாக்கில் பானெட்டுக்கு ஒரு வசதி கிடைத்தது: அவர் கப்பலின் வயிற்றுப்புறம் எதிரியைப் பார்த்து இருந்ததால் ஆட்களுக்கு மறைவு. ரெட்டின் தளமோ அவர்கள் பக்கமே சரிந்து கிடந்தது. கொள்ளையர்கள் தொப்பியைக் கழற்றி ஆட்டி, வந்து பார் என்று கேலி செய்தார்கள். யார் ஜெயிப்பது என்பதை மேஜரும் முடிவு செய்யவில்லை, கர்னலும் முடிவு செய்யவில்லை. கடலின் ஏற்றம் செய்தது. தண்ணீர் ஏறியபோது முதலில் மிதந்தது ரெட்டின் ஹென்றி. வெடிமருந்தைக் கொளுத்திக் கப்பலையே தகர்த்துவிடுங்கள் என்று பானெட் உத்தரவு போட்டார். ஆட்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சரணடைந்தார்கள்.

சார்ல்ஸ்டன் நகரத்துக் காவலில் இருந்தும் அவர் ஒருமுறை தப்பினார். பெண் வேஷத்தில் போனார் என்று ஒரு கதை உண்டு. போன தூரம் துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் தீவு வரைதான். அவருடைய ஆட்களில் பெரும்பாலானோரை நவம்பர் 8 அன்று தூக்கிலிட்டார்கள். பானெட் தென் கரோலினா ஆளுநருக்கு உயிர்ப்பிச்சை கேட்டுக் கடிதம் எழுதினார். இனித் தவறு செய்யாமல் இருக்கத் தன் கைகால்களை வெட்டிக்கொள்ளவும் தயார், கடவுளைத் தொழ நாக்கு மட்டும் இருந்தால் போதும் என்கிற அளவுக்கு இறங்கிய கடிதம். 1718 டிசம்பர் 10 அன்று அவரையும் தூக்கிலிட்டார்கள். கப்பலில் கழித்த காலம் இரண்டு வருஷம்கூட இல்லை.

சிரிப்பும் தூக்குக்கயிறும் இந்தக் கதையில் இவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன. 1701இல் லண்டன் தேம்ஸ் கரையில் கேப்டன் கிட் என்ற கடற்கொள்ளையரைத் தூக்கிலிட்டபோது கயிறே அறுந்துபோனது. கீழே விழுந்தவரை எழுப்பி மறுபடி ஏற்றினார்கள். கேரளக் கரையோரம் 'குவேதா மெர்ச்சன்ட்' என்ற சரக்குக் கப்பலைப் பிடித்ததில் தொடங்கிய வினை அது.

இந்த ஆட்களையெல்லாம் கதைகளுக்குள் கொண்டுவந்தது மேலே சொன்ன 1724ஆம் ஆண்டுப் புத்தகம். எழுதியவர் பெயர் கேப்டன் சார்ல்ஸ் ஜான்சன் என்று போட்டிருந்தது; அது புனைபெயர் என்பதுதான் பெரும்பாலானோர் கருத்து. அதில் பார்த்தலோமியோ ராபர்ட்ஸ் என்ற கொள்ளைத் தலைவனின் கப்பல் விதிகள் இருக்கின்றன. இரவு எட்டு மணிக்கு விளக்குகளை அணைத்துவிட வேண்டும். வாத்தியக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. வேலையில் கை கால் போனால் 800 ஸ்பானிய வெள்ளி நஷ்டஈடு. எட்டு மணிக்குப் படுக்கப் போகும் கொள்ளையர்களைக் குழந்தைப் புத்தகக்காரர் யாரும் இட்டுக்கட்ட வேண்டியதே இல்லை.

ஆனாலும் அவர்களைப் பார்த்து மேடையேறிச் சிரிக்க நூற்றைம்பது வருஷம் தேவைப்பட்டது. கடல் ஓரளவு பத்திரமான பிறகுதான் அந்தச் சிரிப்பு வந்தது. 1879இல் கில்பர்ட்டும் சல்லிவனும் 'பென்சான்ஸின் கடற்கொள்ளையர்' என்ற இசை நாடகத்தைப் போட்டார்கள். பையனை 'பைலட்'டிடம், அதாவது கப்பலுக்கு வழிகாட்டுபவரிடம், வேலை பழகச் சேர்த்துவிடச் சொன்னார்கள். காது சரியாகக் கேட்காத ஆயா 'பைரட்'டிடம், அதாவது கடற்கொள்ளையனிடம், சேர்த்துவிட்டாள். அங்கே தொடங்குகிறது கதை. இந்தக் கொள்ளையர்கள் தங்களைவிட பலவீனமானவர்களைத் தாக்க மாட்டார்கள்; அதனால் மோதும் இடத்தில் எல்லாம் தோற்கிறார்கள். அநாதைகளையும் தொட மாட்டார்கள். விஷயம் வெளியே தெரிந்துவிட, பிடிபடுகிற அத்தனை பேரும் அநாதை ஆகிவிடுகிறார்கள். இன்னொரு வேடிக்கை மேடைக்கு வெளியே நடந்தது. இந்த நாடகத்தின் முறையான அரங்கேற்றம் நியூயார்க்கில் நடந்தது. அவர்களுடைய முந்தைய நாடகத்தை அமெரிக்க நாடகக் கம்பெனிகள் அனுமதியில்லாமல் போட்டுக் காசு பார்த்துவிட்டன. இந்த முறை திருடுகிறவர்களுக்கு முந்திக்கொள்ளத்தான் அந்த ஏற்பாடு.

1881 கோடையில் ஸ்காட்லாந்தின் பிரேமர் ஊரில் விடாத மழை. ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தார். அவர் மனைவியின் முதல் கணவருக்குப் பிறந்த மகன் லாயிட் ஆஸ்பர்னுக்கு வயது பதின்மூன்று. பையனோடு பொழுதுபோக்காக ஒரு தீவின் வரைபடம் போட்டார்கள். அந்தப் படத்தில் இருந்து முளைத்ததுதான் 'புதையல் தீவு'. சிறுவர் இதழில் தொடராக வந்து, 1883இல் புத்தகமானது. புத்தகத்துக்காக அனுப்பிய அசல் வரைபடம் தபாலில் தொலைந்துபோனது. புதையல் வரைபடத்துக்கு அதைவிடப் பொருத்தமான முடிவு கிடையாது. பாவம் ஸ்டீவன்சன், கதையில் இருந்து ஒவ்வொரு இடமாகப் பொறுக்கி எடுத்துப் புதிதாக ஒன்றை வரையவைக்க வேண்டியிருந்தது.

அந்தக் கதையின் கப்பல் சமையல்காரன், கொள்ளையன் லாங் ஜான் சில்வர், ஸ்டீவன்சனின் நண்பர் ஹென்லியைப் பார்த்து உருவானவன். கவிஞர் ஹென்லிக்குக் காசநோயால் ஒரு காலை எடுத்திருந்தார்கள். பெரிய உருவம், பெரிய சிரிப்பு, கையில் ஊன்றுகோல். சில்வருக்கும் ஊன்றுகோல்தான், கட்டைக்கால் இல்லை. நாவலைத் திறந்து பார்த்தால் தெரியும். நமக்கெல்லாம் நினைவில் இருக்கும் அந்த 'டொக் டொக்' கட்டைக்கால் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. தோளில் உட்காரும் கிளி மட்டும் நிஜமாகவே சில்வருடையது.

உடுப்பின் கதையும் இப்படித்தான். தலையில் கட்டிய துணி, இடுப்பைச் சுற்றிய சிவப்புத் துண்டு, காதில் வளையம் என்று நாம் பார்க்கும் கோலத்தின் பெரும்பகுதி ஹாவர்ட் பைல் என்ற அமெரிக்க ஓவியர் தந்தது. ஸ்பானிய, ஜிப்சி உடைகளில் இருந்து கண்ணுக்கு அழகாக எடுத்துக்கொண்டார். கைதியைப் பலகை மேல் நடக்கவிட்டுக் கடலில் தள்ளும் காட்சியையும் அவர் 1887இல் வரைந்தார். ஆவணங்களில் தேடினால் அப்படி நடந்ததற்கு அத்தாட்சி மிக மிகக் குறைவு. இன்று பிறந்தநாள் கேக்கில்கூட அந்தப் பலகை இருக்கிறது.

ஹென்லியிடம் திரும்புவோம். அவருக்கு மார்கரெட் என்று ஒரு சின்ன மகள். வீட்டுக்கு வரும் எழுத்தாளர் ஜேம்ஸ் பாரியை 'ஃப்ரெண்டி' என்று கூப்பிட முயன்று மழலையில் 'ஃப்வெண்டி' என்பாளாம். ஐந்து வயதிலேயே இறந்துபோனாள். 1904இல் பாரியின் 'பீட்டர் பேன்' நாடகத்தில் அந்த மழலை வெண்டி என்ற பெயராயிற்று. ஆக, அப்பா சில்வருக்கு உருவம் கொடுத்தார், மகள் கேப்டன் ஹுக்கிடம் சிக்கும் சிறுமிக்குப் பெயர் கொடுத்தாள். ஆங்கிலக் குழந்தை இலக்கியத்தின் இரண்டு பெரிய கடற்கொள்ளைக் கதைகளும் ஒரே வீட்டுக்குக் கடன்பட்டவை.

ஹுக்கிடம்தான் பயம் பக்கம் மாறியது. 'புதையல் தீவு' கதையில் சில்வரைக் கண்டு சிறுவன் ஜிம் நடுங்கினான். ஹுக் நடுங்குவதோ முதலைக்கு. அது விழுங்கிய கடிகாரத்தின் 'டிக் டிக்' கேட்டாலே ஆள் ஒடுங்கிவிடுவார். தன் ரத்தத்தைப் பார்க்கவும் பயம். உயர்ந்த பள்ளியில் படித்த மனிதர், நாகரிகம் தவறிவிட்டோமோ என்று சாகும் வரை கவலை. அவருடைய கப்பலில் ஸ்மீ என்ற கொள்ளையன் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்து துணி தைக்கிறான். பானெட்டின் அங்கிக்கு இரு நூற்றாண்டு கழித்து அகப்பட்ட தையற்காரன் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் அரங்கேற்றத்தில் ஹுக்காக நடித்தவரேதான் குழந்தைகளின் அப்பாவாகவும் நடித்தார். இந்த இரட்டை வேஷம் இன்றும் பல மேடைகளில் தொடர்கிறது. அதட்டுகிற பெரியவர்கள் எல்லோரும் உள்ளுக்குள் ஏதோ ஒரு கடிகாரத்துக்குப் பயப்படுகிறவர்கள்தான் என்று பிள்ளைகளுக்கு அங்கேயே புரிந்துவிடும்.

பெரியவன் சொதப்புவான், சின்னவன் சமாளிப்பான் என்ற ஏற்பாட்டை முழுப் படக்கதையாக ஆக்கியவர் ஜான் ரையன். எடின்பரோவில் 1921இல் பிறந்தவர், பர்மா போர்முனைக்குப் போய் வந்தவர், பிறகு பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர். 1950 ஏப்ரலில் வெளிவந்த 'ஈகிள்' சிறுவர் இதழின் முதல் இதழிலேயே அவருடைய கேப்டன் பக்வாஷ் ஆஜர். 19 இதழோடு நின்றுபோனார். 1957இல் புத்தகமாகவும் பிபிசி தொலைக்காட்சியிலும் திரும்பி வந்தார். அப்புறம் நிற்கவே இல்லை. அதே 1957 ஜூலையில்தான் கனடாவின் பக்வாஷ் என்ற கிராமத்தில் உலக விஞ்ஞானிகள் அணு ஆயுதத்தைப் பற்றிப் பேசக் கூடினார்கள். இரண்டு பக்வாஷையும் குழப்பிக்கொண்டவர்கள் இங்கிலாந்தில் இருந்திருப்பார்கள்.

பக்வாஷ் குண்டு, பேராசை, பெருமை, பயந்தாங்கொள்ளி. ஏழு கடலிலும் தன்னைப் போல வீரன் இல்லை என்று ஒரு பக்கத்தில் மார்தட்டுவார். அடுத்த பக்கத்தில் பரம எதிரி 'கழுத்தறுப்பு ஜேக்' வந்து நிற்பான். ஜேக்கின் முகத்தில் தாடி போக மிச்சம் ஒரு கண்ணும் மூக்கும்தான். தலைவரின் கப்பல் பெயர் 'கருப்புப் பன்றி'. அதில் உள்ள மாலுமிகளில் உருப்படியாகக் கப்பல் ஓட்டத் தெரிந்தவன், சமைக்கத் தெரிந்தவன், புத்தி உள்ளவன் எல்லாம் டாம் என்ற வேலைக்காரச் சிறுவன் ஒருவனே. ஒவ்வொரு கதையிலும் அவன் சத்தமில்லாமல் தலைவரைக் காப்பாற்றுவான். பேர் தலைவருக்குப் போகும். படிக்கிற பிள்ளைக்கு மட்டும் உண்மை தெரியும். சொல்லிக்கொடுக்கிற அம்மாவும் சேர்ந்து சிரிக்க வேண்டியதுதான்.

தொலைக்காட்சிக்கு ரையன் செய்த வேலை அலாதி. பொம்மையை மயிரிழை மயிரிழையாக நகர்த்திப் படம் பிடிக்கிற வழக்கமான முறை அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. கெட்டி அட்டையில் ஆட்களை வரைந்து வெட்டினார். கண், வாய், கை தனித்தனித் துண்டு. ஒவ்வொன்றோடும் ஒரு நெம்புகோல் பட்டை. படப்பிடிப்புக் கருவியின் கண்ணுக்குப் படாமல் பட்டையை இழுத்தால் பக்வாஷின் வாய் திறக்கும், தள்ளினால் கண் உருளும். குரல் ஓட ஓட அட்டையும் ஓடும். அத்தனை பேருக்கும் குரல் கொடுத்தவர் பீட்டர் ஹாக்கின்ஸ் ஒருவரே. அந்த அசைவில் ஒரு தடுமாற்றம் இருக்கும். வாயும் பேச்சும் சரியாக ஒட்டாது. வேறு எந்தக் கதைக்காவது அது குறையாக இருந்திருக்கும். தடுமாறுகிற தலைவனுக்கு அதுவே பொருந்தியது.

பிரான்சிலும் இந்த வித்தை தனியாக நடந்தது. 1959இல் தொடங்கிய 'பிலோட்' இதழில் 'செந்தாடி' என்ற கம்பீரமான கடற்கொள்ளைத் தொடர் வந்தது. அதே இதழில் ஆஸ்ட்ரிக்ஸ் என்ற நகைச்சுவைப் படக்கதையும் வந்தது. ஆஸ்ட்ரிக்ஸை எழுதியவர்கள் பக்கத்து வீட்டுக்காரரை விடவில்லை: செந்தாடியையும் கூட்டத்தையும் அப்படியே நகல் எடுத்துத் தங்கள் கதைக்குள் விட்டார்கள், ஒவ்வொரு முறையும் கப்பலோடு மூழ்கடிப்பதற்காகவே. பிற்பாடு அந்தக் கொள்ளையர்கள், அடி வாங்கும் சிரமம் எதற்கு என்று தாங்களே கப்பலை மூழ்கடித்துக்கொள்ளும் நிலைக்கு வந்தார்கள். கேலிக்கு ஆளான அசல் தொடர் இன்று பலருக்கு நினைவில்லை, கேலிதான் மிஞ்சியது.

1972இல் நியூசிலாந்தின் மார்கரெட் மேஹி எழுதிய ஒரு படக்கதையில் கொள்ளைக்காரி ஒரு வயதான அம்மா. மகனோ பழுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு அலுவலகம் போகிற சின்ன மனிதன். அம்மாவுக்குக் கடலைப் பார்க்க ஆசை. ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் அம்மாவை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போகிறான். வீட்டையும் கணக்குப் புத்தகத்தையும் விட்டுக் கடலுக்குப் போன பானெட்டின் கதைதான், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனதால் நல்லபடியாக முடிகிறது.

இந்தப் புத்தகங்களுக்குள் வராத ஒன்று உண்டு. வர வேண்டும் என்று கேட்பதும் நியாயமில்லை. பானெட்டின் 400 ஏக்கரில் உழைத்தவர்கள் ஆப்பிரிக்காவில் இருந்து பிடித்துவந்த அடிமைகள். சார்ல்ஸ்டன் நீதிமன்றம் அவர்மேல் படித்த குற்றப்பத்திரிகையில் அது இல்லை. அந்தக் காலத்துச் சட்டத்தில் அது குற்றமே இல்லை. அங்கியில் உலாவிய அந்த மனிதரின் நூலகத்துக்கும் கப்பலுக்கும் காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சிரிப்பு கொஞ்சம் தொண்டையில் நிற்கும்.

சார்ல்ஸ்டனின் ஒயிட் பாயின்ட் இன்று பூங்கா. ஓக் மரங்கள், பழைய பீரங்கிகள், எதிரே கடல். ஒரு கல்லும் நட்டிருக்கிறார்கள். ஸ்டீட் பானெட்டும் அவருடைய ஆட்கள் 29 பேரும் இந்த இடத்துக்குப் பக்கத்தில் தூக்கிலிடப்பட்டதைச் சொல்லும் கல். ரெட்டின் பெயர் இருக்கிறது, தீர்ப்புச் சொன்ன நீதிபதி டிராட்டின் பெயர் இருக்கிறது. அங்கியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.